சௌந்தரி யானையின் கூஜா

இப்படி உட்காருங்க தம்பி. அந்த ஓரம் வேண்டாம், ஏசித் தண்ணி சொட்டும். உங்க பாப்பா உள்ளே களிமண்ணைப் பிசைய ஆரம்பிச்சாச்சு, இனி முடியிற வரைக்கும் அப்பாவைத் தேடாது. இந்தப் பல்கலைக்கழகக் கலைக்கூடத்துல சனிக்கிழமைன்னா இப்படித்தான். பிள்ளைங்க உள்ளே, பெத்தவங்க வராந்தாவுல, என்னை மாதிரி ஆளுங்க ரெண்டு பக்கமும்.

உங்களைப் பார்த்த உடனே எனக்குப் பட்டுது, இவர்தான் சரியான ஆளுன்னு. எதுக்குன்னு நிதானமாச் சொல்லலாம்னு பார்த்தா நேரம் இல்லை. அந்த மூலை அறை தெரியுதா, கண்ணாடிக் கதவு? உள்ளே பச்சைச் சேலையில ஒரு அம்மா உட்கார்ந்திருக்கா பாருங்க. என் சம்சாரம், ஆவுடை. பயிற்சி முடிஞ்சதும் ஜெசிந்தா மேடம் அந்த அறைக்குப் போவாங்க. மேடம்தான் இந்தக் கூடத்துக்கே பொறுப்பு. அவங்க ஆவுடைகிட்டப் பேசுறதுக்கு முன்னாடி நீங்க குறுக்கே போய் ஒரே ஒரு வார்த்தை சொல்லணும். பெரிசா ஒண்ணும் இல்லை. நான்தான் சௌந்தரியோட புருஷன்னு சொல்லணும்.

எந்திரிக்காதீங்க தம்பி, எந்திரிக்காதீங்க. எனக்கு மறை ஒண்ணும் கழண்டு போகலை. சௌந்தரி என் மக. மெட்ராஸ்ல இருக்கா. நீங்க மாப்பிள்ளைன்னு சொல்லிட்டு, உள்ளே கண்ணாடிப் பெட்டியில ஒரு கூஜா இருக்கு, அது எங்க வீட்டுச் சாமான்னு ஒரு கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டீங்கன்னா போதும். திங்கட்கிழமை என் சம்சாரம் உயிரோட ஆஸ்பத்திரிக்குப் போவா. இல்லைன்னா போக மாட்டா. இவ்வளவுதான் விஷயம்.

சரி, முதல்லேருந்து சொல்றேன், உட்காருங்க.

என் பேரு நயினார். பெரிய கடைத்தெருவுல ஜவுளிக்கடையில ஆயுசு பூரா சேலை விரிச்சுப் போட்டவன். சேலையை விரிச்சா மட்டும் விக்காது தம்பி, கூடவே கதையையும் விரிக்கணும். கெட்டிச் சாயம், துவைச்சாப் போகாதுன்னு சொன்னா எவ வாங்குவா? இந்த அரக்கு நிறத்தைக் காய்ச்சின சாயக்காரன் கை அன்னியிலேருந்து சிவப்பாவே நின்னுபோச்சு, அவன் தயிர்ச்சோறு பிசைஞ்சா அது தக்காளிச் சோறாத் தெரியும்னு சொன்னா வாங்குவா. பொய்யின்னு சொல்லாதீங்க. சேலை முந்திக்குக் குஞ்சம் கட்டுறோமே, அந்த மாதிரி. மூலையில கிடக்கிற பழைய சரக்கைக் காட்டி முதலாளியே சொல்லுவாரு, நயினாரு, இதுக்கும் ஒரு கதையைப் போடுன்னு.

கடையை விட்டு நின்ன பிறகு வீட்டுல யார்கிட்டக் கதை போடறது? ஆவுடை அதிகம் பேச மாட்டா. கல்யாணமான புதுசுல வாய் ஓயாமப் பேசுவா. நடுவுல என்னமோ குறைஞ்சுபோச்சு. எல்லா வீட்டுலயும் உள்ளதுதானே. நான் பேசினா எழுந்து அடுப்படிக்குப் போயிடுவா. சுவரைப் பார்த்துப் பேசினாலும் அது எழுந்து போகாது பாருங்க.

அப்பத்தான் ஒரு நாள் வெயிலுக்கு ஒதுங்கி இங்கே வந்தேன். உள்ளே குளுகுளுன்னு இருந்தது. சனிக்கிழமை சனிக்கிழமை பொதுமக்களுக்குப் பயிற்சி, கட்டணம் கிடையாது, நடுவுல டீயும் சுண்டலும்னு போர்டு வச்சிருந்தாங்க. ஒரு வாரம் மர அச்சுல துணிக்குப் பூப்போடச் சொல்லிக் குடுப்பாங்க. ஒரு வாரம் மாதுளந்தோலைக் காய்ச்சிச் சாயம் எடுப்பாங்க. ஒரு வாரம் கண்ணைக் கட்டிவிட்டு, கல்சிலையைத் தடவிப் பார்த்து என்னன்னு சொல்லச் சொல்லுவாங்க. எல்லாத்துக்கும் வந்தேன். வந்தவன் சும்மா இருப்பேனா? அந்த வாசல்ல ஒரு கல் நந்தி இருக்கே, அது வருஷா வருஷம் மழைக்காலத்துல ஒரு விரக்கடை வளருதுன்னு பிள்ளைங்ககிட்டச் சொல்லிவச்சேன். வாட்ச்மேன் நூலை எடுத்துட்டு வந்து அளந்து பார்த்தாரு. மாணவப் பிள்ளைங்க என்னைச் சனிக்கிழமைத் தாத்தான்னே கூப்பிட ஆரம்பிச்சிட்டாங்க. என் வாழ்நாள்ல எனக்கு அப்படி ஒரு கூட்டம் சேர்ந்தது இல்லை தம்பி.

தை மாசம் மேடம் ஒரு நிகழ்ச்சி வச்சாங்க. வீட்டுப் பொருளும் வீட்டுக் கதையும்னு பேரு. அவங்கவங்க வீட்டுல இருக்கிற ஒரு பழைய சாமானைக் கொண்டுவரணும், அதைப் பத்திப் பேசணும். தாத்தா, நீங்க வராம இருக்கக் கூடாதுன்னு மேடம் தனியாச் சொன்னாங்க. ஆவுடை கோயிலுக்குப் போயிருந்த நேரம் பரண்ல ஏறித் துழாவினேன். கூஜா கைக்குத் தட்டுப்பட்டுது. மூடியும் தூக்கிப்பிடியும் வச்ச பித்தளைக் கூஜா, அந்தக் காலத்துல ரயிலுக்குத் தண்ணி கொண்டுபோவோமே, அது. ஒரு சின்னப் பாவாடையில சுத்தி வச்சிருந்தா. பாவாடையை அங்கேயே போட்டுட்டுக் கூஜாவை மட்டும் எடுத்துட்டு வந்தேன். யாரும் புழங்காத சாமான், சும்மாக் கிடந்தது, அதனால என்ன?

எனக்கு முந்தி ஒரு டீச்சரம்மா வந்து மரக்காலைக் காட்டிப் பேசினாங்க. அந்த மரக்காலால அவங்க ஆச்சி பஞ்ச காலத்துல தெருவுக்கே நெல் அளந்து போட்டாங்களாம். பேசிக்கிட்டே அழுதுட்டாங்க. கூட்டம் கைதட்டுது. அடுத்தது நான். அந்தக் கைதட்டலுக்குப் பிறகு போய், இது கூஜா, இதுல தண்ணி குடிப்போம்னா சொல்ல முடியும்? நீங்களே சொல்லுங்க.

கூஜாவோட வயித்துல ஒரு பெரிய நசுங்கல் உண்டு. அடியில புள்ளி வெட்டுல சௌந்தரின்னு பேர் இருக்கு. இது ரெண்டையும் பார்த்தேன், யானை தானா வந்து நின்னுது.

ஏழுபனைக்கோட்டை ஜமீன்னு ஒண்ணு இருந்ததுன்னு ஆரம்பிச்சேன். அப்படி ஒரு ஊரே கிடையாது தம்பி, அந்த நிமிஷம் என் வாயில பிறந்த ஊரு. அங்கே சௌந்தரின்னு ஒரு யானை. அதுக்கு மருந்து புகட்டுறதுக்குன்னே ஜமீன்தார் செஞ்சு வச்ச கூஜா இது. ஒரு நாள் யானைக்கு மதம் பிடிச்சிட்டுது. பாகனை உதறித் தள்ளிட்டு எங்க பூட்டன் மேல வருது. பூட்டன் கையில இருந்த கூஜாவைக் கீழே போட்டுட்டாரு. யானை கூஜா மேல காலை வச்சு அழுத்துது. கூஜா உருண்டு அடிப்பக்கம் தெரியுது. தன் பேரைப் பார்த்ததுதான் தாமசம், யானை காலை எடுத்துட்டு, கண்ணுல தண்ணி விட்டு நின்னுபோச்சு. பூட்டன் கூஜாவைத் தூக்கிக்கிட்டு ஒரே ஓட்டமா எங்க ஊருக்கு வந்துட்டாரு. இந்த நசுங்கல், சௌந்தரி யானையோட பெருவிரல் பட்ட இடம்.

யானைக்குப் படிக்கத் தெரியுமான்னு ஒரு பொடிசு கேட்டுது. ஜமீன் யானை, அனா ஆவன்னா கூடவா தெரியாம இருக்கும்னேன். பெண் யானைக்கு மதம் பிடிக்காதேன்னு ஒரு பேராசிரியர் எழுந்தாரு. அதனாலதானே ஐயா இதைக் கதையாச் சொல்ல வந்தேன், ஆண் யானையா இருந்தா யார் கேப்பான்னேன். மரக்காலுக்குத் தட்டினதை விட ரெண்டு மடங்கு தட்டினாங்க.

மேடம் கூஜாவைக் கொஞ்ச காலம் கண்காட்சியில வைக்கக் கேட்டாங்க. குடுத்தேன். கண்ணாடிப் பெட்டி, மேலே விளக்கு, பக்கத்துல அட்டையில என் கதை. அதோட நிக்கலை. பிள்ளைங்களுக்கு வாராவாரம் சௌந்தரிதான். ஒரு சனிக்கிழமை சௌந்தரிக்கு முகபடாம் தைச்சாங்க, ஒரு சனிக்கிழமை சௌந்தரிக்குப் பொம்மலாட்டம் போட்டாங்க. இன்னிக்குக் களிமண். உங்க பாப்பாவும் இப்ப அதைத்தான் பிசையுது. கூடம் பூரா சௌந்தரி, சௌந்தரின்னு கத்துதுங்க தம்பி. எங்க வீட்டுல அந்தப் பேரை யாரும் வாய்விட்டுச் சொல்லி எத்தனையோ வருஷமாச்சு. நான் இந்தப் பெஞ்சுல வந்து உட்கார்ந்துக்குவேன். கதை சொல்லக்கூட உள்ளே போறதில்லை. இங்கேயே உட்கார்ந்து அதுங்க கூப்பிடறதைக் கேட்டுக்கிட்டு இருப்பேன். நல்லாருக்கும்.

பேரு எப்படி வந்ததா? அதுதான் சொன்னேனே, என் மக பேரு. காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் வைப்பாங்கல்ல, அப்போ ஆவுடையோட அண்ணன் சௌந்தரி பேரை வெட்டிக் கொண்டுவந்த கூஜா. அவனும் போய்ச் சேர்ந்துட்டான். இருந்தா அவனே வந்து சொல்லியிருப்பான், உங்ககிட்ட நான் கெஞ்சிக்கிட்டு இருக்க வேண்டாம். யானைக்கும் ஒரு பேரு வேணும்ல தம்பி. அடியில எழுதியிருக்கிறதைத்தானே சொல்ல முடியும்?

இப்படி நல்லாப் போயிக்கிட்டு இருந்ததுல மண் விழுந்தது சித்திரையில. ஆவுடைக்கு வயித்துல வலி. முதல்ல சுக்குக் கஷாயம் குடிச்சா, அப்புறம் ஓமத்தண்ணி குடிச்சா. சுருண்டு படுத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தா. உள்ளே கட்டி இருக்கு, தள்ளிப் போடக் கூடாது, உடனே எடுக்கணும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. வீட்டுக்கு வந்து பையில துணி எடுத்து வச்சா. எல்லாம் வச்சுட்டு, பரண்லேருந்து அந்தக் கூஜாவை எடுங்கன்னா.

கூஜாவுக்கு ஈயம் பூசக் குடுத்திருக்கேன், உனக்குத்தான் ஆஸ்பத்திரியில தண்ணி வேணுமேன்னேன். சரின்னு கட்டில்ல உட்கார்ந்தா. ஈயம் பூசுறவன் முதல்ல ஊர்ல இல்லைன்னேன், அப்புறம் அவனுக்கு உடம்பு சரியில்லைன்னேன், அப்புறம் அவன் மாமியார் செத்துட்டான்னேன். ஆவுடை நான் சொன்ன எதையும் இல்லைன்னு சொல்லலை. கூஜா வரட்டும், அப்புறம் போவோம்னு ஒரே பேச்சு. டாக்டரம்மா ரெண்டு தடவை தேதி குடுத்து ரெண்டு தடவையும் போகலை. இந்தத் திங்கட்கிழமை மூணாவது தேதி. பிளாஸ்டிக் பாட்டில் வாங்கிக் குடுத்தேன். புது எவர்சில்வர் கூஜாவே வாங்கிக் குடுத்தேன். அதைப் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக் குடுத்துட்டா. ஒரு பித்தளைச் சாமானுக்காக உயிரை விடுவாங்களா தம்பி? நல்ல மனுஷி, இந்த ஒரு விஷயத்துல மட்டும் பிடிவாதம்.

இதுக்கு நடுவுல ஒரு நாள் வீட்டுக்கு ஃபோன் வந்திருக்கு. நான் கடைக்குப் போயிருந்தேன், அவள் எடுத்திருக்கா. இங்கே வேலை பார்க்கிற பொண்ணு, நல்ல பொண்ணுதான், சும்மாவாச்சும் வணக்கம்னு ஆரம்பிச்சிருக்கலாம். சௌந்தரி யானைத் தாத்தா வீடுதானேன்னு கேட்டிருக்கா. நான் திரும்பி வந்தப்போ ஆவுடை ஃபோனை மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா. என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா.

"யானைக்கா வச்சீங்க?"

அதுக்கப்புறம் பேச்சு இல்லை. சோறு வைப்பா, தண்ணி வைப்பா, முகத்தைப் பார்க்க மாட்டா. நானும் யோசிச்சு யோசிச்சுப் பார்க்கிறேன், கேக்காமக் கூஜாவை எடுத்தது கோபமா, யானைக்கு அந்தப் பேரை வச்சது கோபமா? எதுன்னு சொன்னாத்தானே தெரியும்.

சரி, போய் வாங்கிட்டு வந்துடலாம்னு ஓடி வந்தேன். இங்கே வந்து பார்த்தா எனக்கு முன்னாடி ஒருத்தன் நிக்கிறான். வெள்ளைப் பட்டு ஜிப்பா, தங்க ஃபிரேம் கண்ணாடி. யாருன்னு கேட்டேன். ஏழுபனைக்கோட்டை ஜமீன்தாரோட பேரனாம்.

சிரிக்காதீங்க தம்பி, எனக்கு உயிர் போயிட்டுது. நான் உண்டாக்கின ஜமீன்ல எனக்கே தெரியாம ஒரு பேரன் பிறந்து வளர்ந்து ஜிப்பா தைச்சுப் போட்டுக்கிட்டு வந்திருக்கான். அரண்மனைச் சாமானை எங்க பூட்டன் திருடிக்கிட்டு ஓடிட்டாராம். ஓடினாருன்னு நான்தானே மைக்குல சொன்னேன். ஒரு பழைய போட்டோ வேற கொண்டுவந்திருந்தான், ஏதோ கோயில் யானை. இதுதான் எங்க சௌந்தரி, எங்க பாட்டி தினம் இதுக்குக் கரும்பு குடுப்பாங்கன்னு சொல்றான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் போட்டோவைக் கிழிச்சிருப்பேன். என்ன துணிச்சல் பாருங்க அவனுக்கு. எவனோ ஒருத்தன், கண்ட யானையைக் காட்டி, எங்க சௌந்தரின்னு சொல்றான்.

மேடத்தைத் தனியாக் கூப்பிட்டு, ஜமீனும் கிடையாது யானையும் கிடையாது, நான் சும்மா அடிச்சுவிட்டதுன்னு சொன்னேன். மேடம் பொறுமையாத்தான் கேட்டாங்க. தாத்தா, நீங்க இல்லைன்னு சொல்றீங்க, அவர் போட்டோவோட வந்து இருக்குன்னு சொல்றார், ரெண்டு பேர் உரிமை கேட்டா நான் யார்கிட்டயும் குடுக்க முடியாது, பல்கலைக்கழகத்துல குழு போட்டிருக்காங்க, அவங்கதான் முடிவு பண்ணணும்னாங்க. அந்தக் குழு இன்னிக்குச் சாயங்காலம் கூடுது தம்பி. அந்த ஜிப்பாக்காரன் மத்தியானமே வந்துடுவான்.

சரி, உண்மையைச் சொல்லிடுவோம்னு, தாய்மாமன் சீரையும் மக பேரையும் ஒண்ணு விடாமச் சொன்னேன். குஞ்சம் ஒண்ணும் கட்டலை. உள்ளது உள்ளபடி. மேடம் சிரிச்சாங்க.

"உங்க கதையிலேயே இதுதான் கொஞ்சம் சுமார், தாத்தா."

கேட்டீங்களா? ஆயுசுல ஒரு தடவை மொட்டையா ஒரு விஷயத்தைச் சொன்னேன், சுமாராம்.

அப்புறம் அவங்களே, மனசு இளகித்தான், ஒரு வழி சொன்னாங்க. பேர் வெட்டியிருக்கிறது உங்க மக பேருன்னா அவங்களை ஒரு தடவை வரச் சொல்லுங்க, கையெழுத்துப் போட்டா நான் குழுகிட்டப் பேசி அன்னிக்கே வாங்கித் தரேன்னாங்க. அவ மெட்ராஸ்ல இருக்காளேன்னேன். ஃபோன்லயாச்சும் பேசச் சொல்லுங்கன்னாங்க. அவ அங்கே பெரிய ஆஸ்பத்திரியில நர்சு, டூட்டியில ஃபோன் எடுக்க மாட்டான்னேன். டூட்டி முடிஞ்ச பிறகு பேசட்டும்னாங்க. அவளுக்குத் தொண்டைக்கட்டுன்னேன். அப்படியே பேச்சு வளர்ந்து ஒரு மாப்பிள்ளையும் வந்து சேர்ந்தாரு. அப்போ அவரையே வரச் சொல்லுங்கன்னு முடிச்சிட்டாங்க. அதனாலதான் தம்பி உங்களைக் கேக்கிறேன். உங்களைப் பார்த்தா மாப்பிள்ளைக் களை இருக்கு.

என்ன கேக்கிறீங்க? சௌந்தரிக்கு நானே ஏன் ஃபோன் பண்ணக் கூடாதா?

அது வந்து, அவ சின்ன வயசுலேயே மெட்ராஸ் போயிட்டா தம்பி. காய்ச்சல் விட்டு விட்டு வந்துக்கிட்டே இருந்தது. இங்கே பார்த்த டாக்டர், மெட்ராஸுக்குக் கொண்டுபோங்கன்னுட்டாரு. நானும் ஆவுடையும் கூட்டிட்டுப் போனோம், இந்தக் கூஜாவுலதான் தண்ணி. ஆஸ்பத்திரியில சேர்த்தோம். அவ அங்கேயே நின்னுட்டா. நாங்க ரெண்டு பேர் மட்டும் ரயில் ஏறி வந்தோம்.

வர்ற வழியில ஒரு சம்பவம் நடந்தது, அதைக் கேளுங்க, நியாயம் யார் பக்கம்னு நீங்களே சொல்லுங்க. எதிர் சீட்டுல ஒரு குடும்பம். நல்ல மனுஷங்க, புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிச்சு நீட்டினாங்க. அந்த அம்மா ஆவுடையைப் பார்த்துப் பிள்ளைங்க எத்தனைன்னு கேட்டாங்க. அவள் பேசலை. ஜன்னலையே பார்த்துக்கிட்டு வர்றா. கேட்டவங்களுக்குப் பதில் சொல்லாம இருந்தா மரியாதையா? நான் சொன்னேன். ஒரே பொண்ணும்மா, சௌந்தரின்னு பேரு, மெட்ராஸ்ல விட்டுட்டு வர்றோம், அங்கே இருக்கிற டாக்டருங்களுக்கு அவளை ரொம்பப் பிடிச்சுப்போச்சு, இவ்வளவு சூட்டிகையான பிள்ளையை ஊருக்குக் கொண்டுபோக விட மாட்டோம், நாங்களே படிக்க வச்சு நர்சாக்கிடறோம்னு சொல்லிட்டாங்கன்னேன். அந்த அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். குடுத்து வச்சவங்கன்னாங்க. நான் இன்னும் கொஞ்சம் சொன்னேன். வெள்ளை கவுன் தைக்கக் கூட அளவெடுத்துட்டாங்கன்னேன்.

ஆவுடை மடியில இருந்த கூஜாவைத் தூக்கி ஜன்னல் கம்பி மேல எறிஞ்சா. அப்படி ஒரு சத்தம். பெட்டியே திரும்பிப் பார்த்துது. மிச்சம் இருந்த தண்ணியெல்லாம் அந்த அம்மா சேலையில. நசுங்கினது அப்போதான். உருண்டு போன கூஜாவை அவளே குனிஞ்சு தேடி எடுத்து, முந்தியால துடைச்சு, மறுபடியும் மடியில வச்சுக்கிட்டா. அழக் கூட இல்லை. நாலு பேருக்கு நடுவுல இப்படியா செய்யிறது? எதுக்கு எறிஞ்சான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியலை. நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்? நல்லாத்தானே சொன்னேன்?

ஏன் தம்பி அப்படிப் பார்க்கிறீங்க? தண்ணி குடிக்கிறீங்களா?

கொஞ்ச நேரம்தான் இருக்கு. இன்னிக்குக் காலையில ஆவுடை தானாவே சேலை மாத்திக்கிட்டு வாசல்ல வந்து நின்னா. நானும் வரேன்னா. ஆட்டோவுல வயித்தைப் பிடிச்சுக்கிட்டே வந்தா, ஒவ்வொரு பள்ளத்துக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டா. மேடத்துகிட்ட நீ ஒண்ணும் பேச வேண்டாம், நான் எல்லாம் ஏற்பாடு பண்ணியிருக்கேன்னேன். உங்களை அப்போ எனக்குத் தெரியாது, இருந்தாலும் யாராவது கிடைப்பாங்கன்னு ஒரு நம்பிக்கை. அவள் என்ன சொன்னா தெரியுமா? நான் பேச வரலை, கேக்கத்தான் வரேன்னா. எதைக் கேக்கப் போறா? அதுதான் எனக்குப் பயமா இருக்கு. மேடம் உள்ளே போயி, உங்க மக மெட்ராஸ்ல எந்த ஆஸ்பத்திரியில இருக்காங்கம்மான்னு வாயைத் திறந்துட்டா என்ன ஆகும்? அவள் உடம்பு இப்போ இருக்கிற நிலைமையில அந்தக் கேள்வியை அவள் காதால கேக்கலாமா? நீங்க முந்திக்கிட்டா அந்தப் பேச்சே வராது தம்பி. உங்களுக்கு ஒரு கையெழுத்து. எனக்கு அவள் உயிரு. உங்க கையைப் பிடிச்சுக் கேக்கிறேன். காலைப் பிடிக்கணுமா, அதையும் பிடிக்கிறேன். வயசானவன் காலைப் பிடிச்சா உங்களுக்குத்தான் சங்கடம்.

என்னது, மணி அடிச்சிட்டாங்களா? அதுக்குள்ளே முடிஞ்சுபோச்சா? எந்திரிங்க, எந்திரிங்க தம்பி, மேடம் கை கழுவப் போயிருப்பாங்க, இப்போ போனாப் பிடிச்சிடலாம்.

பாப்பா வந்துட்டுதே. வா கண்ணு வா. மூக்கெல்லாம் களிமண்ணு. யானையா? எங்கே காட்டு, அடேயப்பா, தும்பிக்கை நல்லா வந்திருக்கே. அப்பாவை ஒரு நிமிஷம் தாத்தா கடன் வாங்கிக்கிறேன், இதோ அனுப்பிடறேன். என்ன கேக்கிற? சௌந்தரி இப்போ எங்கே இருக்குதா? அதுவா கண்ணு, அது மெட்ராஸ்ல இருக்கு. மெட்ராஸ்ல பெரிய...

தம்பி. மேடம் ஏற்கெனவே அந்த அறைக்குப் போயிட்டாங்களா? எந்த வழியாப் போனாங்க? கதவு திறந்திருக்கே. ரெண்டு பேரும் நிலைப்படியில நிக்கிறாங்க. ஆவுடை கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. அவள் அப்படி நிக்கக் கூடாது, டாக்டரம்மா படுக்கத்தான் சொல்லியிருக்காங்க. என்னைத்தான் பார்க்கிறா. இத்தனை நாளா என் முகத்தைப் பார்க்காதவ, இப்போ கண்ணை எடுக்க மாட்டேங்கிறா.

இல்லை கண்ணு, தாத்தா சொல்றேன், கையை இழுக்காதே. பெரிய ஆஸ்பத்திரி. அங்கே சௌந்தரியை... டாக்டருங்க எல்லாம் சேர்ந்து அவளை...

இல்லை. மெட்ராஸ்ல இல்லை. சௌந்தரி செத்துப்போயிட்டா கண்ணு. ரொம்ப நாளாச்சு. உன்னைவிடக் கொஞ்சம் உயரம். ரெட்டைச் சடை போட்டுக்குவா. தண்ணி வேணும்னு கேட்டா, கூஜாவுலேருந்து மூடியில ஊத்திக் குடுத்தோம், பாதிதான் குடிச்சா. மீதியை அப்புறம் குடிக்கிறேன்னா. அப்புறம் எழுந்திரிக்கலை. அவளை அங்கேயே எரிச்சுட்டு, கூஜாவை மட்டும் தூக்கிக்கிட்டு வந்தோம். தண்ணியோட.

ஆமா தம்பி. எனக்கும் கேட்டுது. கேட்டீங்களா மேடம், அவர் வாயாலயே சொல்லிட்டாரு, கூஜாவை எடுத்துக் குடுங்கன்றா ஆவுடை. மேடம் கண்ணாடியைக் கழட்டித் துடைக்கிறாங்க. சாவி எடுக்கத்தான் போறாங்க போல.

நான் போகணும் தம்பி. அவளைக் கைத்தாங்கலாப் பிடிக்கணும்.

பாப்பா அழுவுதே. யானை செத்துப்போச்சுன்னு தேம்பித் தேம்பி அழுவுதே. அழட்டும், தூக்கி வச்சுக்குங்க. அழாதேம்மா, அதெல்லாம் சும்மா கதைன்னு மட்டும் அதுகிட்டச் சொல்லிராதீங்க.